பதினெட்டாம் தெருவின் கணக்கு

பகுதி 9: சிகாகோவின் பில்சன், 1960 முதல் 2020 வரை

சிகாகோ நகர மையத்துக்குத் தென்மேற்கே, ஆற்றின் தென்கிளையை ஒட்டிப் பரந்துள்ள பில்சன் குடியிருப்பின் செக் காலம் சென்ற பகுதியில் விவரிக்கப்பட்டது. 1871-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் பொஹீமியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள், தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரையே புதிய இடத்துக்கும் இட்டு, ஆற்றங்கரை மரக்கிடங்குகளிலும் அறுவடை இயந்திரத் தொழிற்சாலையிலும் உழைத்து, தேவாலயங்களையும் பள்ளிகளையும் சேமிப்புச் சங்கங்களையும் நிறுவி, இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் மேற்கு நோக்கி நகர்ந்துவிட்டனர். அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் போலந்துக்காரர், லிதுவேனியர், குரோஷியர் எனப் பலர் வாழ்ந்த அதே வீடுகளில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மெக்ஸிகோ மக்கள் குடியேறினர். அந்தக் குடியேற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதைத் தொடர்ந்த அறுபது ஆண்டுகளில் அங்கு மக்கள்தொகையும் வருமானமும் எவ்வாறு மாறின என்பதே இப்பகுதியின் பொருள். இதைப் படிக்கும்போது ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: அரசின் புள்ளிவிவரங்கள் ஓர் இடத்தின் வருமானத்தை அளக்கின்றனவே தவிர, அந்த இடத்தில் வாழ்ந்தவர்களைப் பின்தொடர்ந்து சென்று அவர்களுடைய வருமானத்தை அளப்பதில்லை. பில்சனின் அண்மைக்கால வரலாற்றில் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள்தான் நடந்திருக்கிறது.

முதலில் அளவுகோலைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். 1920-களில் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் நகரைச் ‘சமூகப் பகுதி’களாகப் பிரித்தனர். இன்று 77 ஆக உள்ள அப்பகுதிகளின் எல்லைகள், வார்டு எல்லைகளைப் போல ஒவ்வொரு பத்தாண்டிலும் திருத்தி வரையப்படாமல், சில சிறு மாற்றங்கள் நீங்கலாக, ஏறத்தாழ நூறாண்டுகளாக அப்படியே நிற்கின்றன. ஒரு குடியிருப்பின் 1930-ஆம் ஆண்டு நிலையையும் 2020-ஆம் ஆண்டு நிலையையும் ஒரே நிலப்பரப்பின் மீது வைத்து ஒப்பிட முடிவது இதனால்தான். உலகின் பல பெருநகரங்களுக்கு இந்த வசதி இல்லை. பில்சன், 31-ஆம் எண் கொண்ட ‘லோயர் வெஸ்ட் சைடு’ என்னும் சமூகப் பகுதியில் அடங்குகிறது. அதன் மேற்குப் பக்கத்தில் ‘ஹார்ட் ஆஃப் சிகாகோ’ என்ற சிறு குடியிருப்பும் சேர்ந்திருப்பதால், இங்கே தரப்படும் எண்கள் அவ்விரண்டுக்கும் பொதுவானவை. மூன்று சதுர மைலுக்கும் குறைவான அந்த நிலத்தில் 1920-இல் 85,000-க்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். 1960-இல் அந்த எண்ணிக்கை 48,448 ஆகக் குறைந்திருந்தது.

யார் எத்தனை பேர் என்ற கேள்விக்கு விடை காண்பது இவ்வளவு எளிதன்று. 1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மெக்ஸிகோ மக்கள் ஒரு தனி இனமாகப் பதிவு செய்யப்பட்டனர். மெக்ஸிகோ அரசும் அமெரிக்காவாழ் மெக்ஸிகோ வம்சாவளியினரும் கடுமையாக எதிர்த்ததால், 1940-இல் அந்த வகை நீக்கப்பட்டு அவர்கள் வெள்ளையர் பத்தியிலேயே சேர்க்கப்பட்டனர். 1970-இல், ஐந்து விழுக்காட்டு வீடுகளுக்கு மட்டும் அனுப்பப்பட்ட நீண்ட படிவத்தில், ஸ்பானிய வம்சாவளி உண்டா என்ற கேள்வி முதன்முதலாக இடம்பெற்றது; 1980-இல்தான் அது நாட்டின் எல்லா வீடுகளுக்கும் விரிந்தது. அன்றுமுதல், ஸ்பானிய வம்சாவளியைச் சுட்டும் ஹிஸ்பானிக் என்பது இனத்தைக் குறிக்காமல் வம்சாவளியைக் குறிக்கும் தனிக் கேள்வியாகவே இருந்துவருவதால், அதில் சேர்ந்த ஒருவர் எந்த இனத்தவராகவும் தம்மைப் பதிந்துகொள்ளலாம். எனவே மெக்ஸிகோ குடும்பங்கள் பில்சனுக்குள் வரத் தொடங்கிய ஆண்டுகளைப் பற்றிக் கணக்கெடுப்பு ஏடுகள் அநேகமாக மௌனம் சாதிக்கின்றன. தேவாலயப் பதிவேடுகளிலும் பள்ளிச் சேர்க்கைப் பட்டியல்களிலும் பெயர்களைத் தேடித்தான் அக்கால வரலாற்றை எழுத வேண்டியிருக்கிறது.

சிகாகோவுக்கு மெக்ஸிகோ மக்கள் கணிசமாக வந்தது 1910-களிலிருந்து. மெக்ஸிகோ புரட்சியின் கொந்தளிப்பு ஒருபுறம் தள்ள, முதல் உலகப்போர்க் காலத்து ஆள் பற்றாக்குறை மறுபுறம் இழுக்க, ரயில் பாதைகளிலும் எஃகு ஆலைகளிலும் இறைச்சித் தொழிற்கூடங்களிலும் வேலை தேடி அவர்கள் வடக்கே வந்தனர். 1930-இல் நகரில் சுமார் 20,000 மெக்ஸிகோ மக்கள் இருந்தனர். பெருமந்தம் வந்ததும் வேலையிழந்தவர்களை, அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளைகளோடு சேர்த்து, எல்லைக்கு அப்பால் திருப்பி அனுப்பும் இயக்கம் நாடெங்கும் நடந்தது. அதில் சிகாகோவின் மெக்ஸிகோ மக்களும் எண்ணிக்கையில் குறைந்தனர். இரண்டாம் உலகப்போர் மூண்டு ஆள் தேவை மீண்டும் எழுந்தபோது, அனுப்பப்பட்டவர்களின் நாட்டவரையே ஒப்பந்தத் தொழிலாளர்களாக அழைக்கும் திட்டம் அதே அரசால் 1942-இல் தொடங்கப்பட்டது. தேவைக்கேற்ப அழைத்து, தேவை தீர்ந்ததும் அனுப்பிவிடும் இந்தப் போக்கு ஒரு சமூகத்தின் சேமிப்பையும் சொத்துரிமையையும் எந்த அளவுக்கு முடமாக்கும் என்பது, பிற்கால வருமானக் கணக்குகளைப் படிக்கும்போது நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

நகர மையத்துக்கு மேற்கே, ஜேன் ஆடம்ஸ் நிறுவிய ஹல் ஹவுஸ் சேவை இல்லத்தைச் சுற்றியிருந்த தெருக்களே அவர்களுடைய முதன்மையான குடியிருப்புகளுள் ஒன்று. இத்தாலியரும் கிரேக்கரும் அங்கே அக்கம்பக்கத்தில் வாழ்ந்தனர். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தை அந்த இடத்திலேயே அமைப்பது என்று 1961-இல் மாநகர நிர்வாகம் முடிவு செய்தபோது, ஃப்ளாரன்ஸ் ஸ்காலா என்ற குடும்பத் தலைவியின் தலைமையில் அப்பகுதிப் பெண்கள் நடத்திய போராட்டமும் வழக்கும் பயன் தரவில்லை. 1965-இல் வளாகம் திறக்கப்பட்டது. வீடிழந்த மெக்ஸிகோ குடும்பங்கள் பல, தெற்கே நடந்து போகும் தொலைவில், பதினாறாம் தெரு ரயில் மேட்டுக்கு அப்பாலிருந்த பில்சனுக்குள் வந்தன. பில்சன் மெக்ஸிகோ மக்களின் ஊரானதே ஒரு வெளியேற்றத்தின் விளைவு என்பதை அதன் மூத்த குடிகள் மறக்கவில்லை. 1973-இல் நகர மையத்தின் வணிகர்கள் வெளியிட்ட ‘சிகாகோ 21’ என்ற வளர்ச்சித் திட்டத்தைக் கண்டதும் அவர்கள் உடனே திரண்டெழுந்ததற்கு அந்த நினைவு ஒரு முக்கியக் காரணம்.

1970-இல் அங்கு வாழ்ந்த 44,535 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்தினர். 1980-இல் அவர்கள் முக்கால் பங்கைக் கடந்தனர். 2000-இல் 89 விழுக்காட்டை எட்டினர். இந்த முப்பது ஆண்டுகளிலும் பகுதியின் மொத்த மக்கள்தொகை 44,000-க்கும் 46,000-க்கும் இடையிலேயே நின்றது. இதன் அருமை நகரத்தின் எண்ணோடு ஒப்பிட்டால்தான் தெரியும். 1960-இல் 35.5 லட்சமாக இருந்த சிகாகோவின் மக்கள்தொகை 1990-இல் 27.8 லட்சமாகச் சரிந்தது. நகரின் மேற்கிலும் தெற்கிலும் தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்து, எரிந்து, இடிக்கப்பட்டு, புல்வெளிகளாயின. அந்தக் காலத்தில் பில்சனின் நூறாண்டு பழைய வீடுகள் விளக்கெரிந்து நின்றதற்கு மெக்ஸிகோ மக்களின் வரவைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வங்கிகள் கடன் தரத் தயங்கிய ஒரு குடியிருப்பைத் தங்கள் கையுழைப்பால் காப்பாற்றியவர்கள் அவர்கள். அந்த உழைப்புக்கு உரிய மதிப்பு எந்த வரவுசெலவுக் கணக்கிலும் ஏறவில்லை.

அந்த வீடுகளின் அமைப்பைச் சற்று அருகிருந்து பார்ப்பது பின்னால் வரும் கணக்குகளுக்கு உதவும். சாக்கடைக் குழாய்களைப் பதிப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெருக்களின் மட்டம் உயர்த்தப்பட்டதால், பில்சனின் பழைய வீடுகள் பலவற்றில் முன்முற்றம் தெருவை விட ஓர் ஆள் உயரம் தாழ்ந்திருக்கும். நடைபாதையிலிருந்து சிறு பாலம் போன்ற படிக்கட்டு நேரே முதல் மாடிக் கதவுக்குச் செல்லும். கீழே இறங்கும் படிகள் நிலவறை போன்ற தளத்தின் கதவுக்குச் செல்லும். முன்வீடு செங்கல்லாலான இரண்டு அல்லது மூன்று அடுக்கு. பின்னால், சந்தின் ஓரமாக, மரத்தாலான இன்னொரு சிறு வீடு. 25 அடி அகலமுள்ள ஒரே மனையில் இவ்வாறு நான்கைந்து குடும்பங்கள் வாழலாம். சிகாகோவில் இத்தகைய கட்டடங்களை ‘டூ ஃபிளாட்’, ‘த்ரீ ஃபிளாட்’ என்பார்கள். உரிமையாளர் ஓர் அடுக்கில் குடியிருந்து, மற்றோர் அடுக்கைத் தம்பி குடும்பத்துக்கும் இன்னோர் அடுக்கை ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கும் குறைந்த வாடகைக்கு விடுவார். அந்த வாடகையே வீட்டுக் கடனின் தவணையாகும். பதிவுத்தாள் எதுவுமின்றி வாய்வார்த்தையில் நடந்த இந்த ஏற்பாடுதான் பில்சனில் மலிவான குடியிருப்பின் உண்மையான அடித்தளம். அரசு கட்டிய வீடுகள் அங்கே மிகக் குறைவு.

வருமானத்தின் கதை வேறு திசையில் சென்றது. மெக்ஸிகோ மக்கள் பில்சனில் நிலைபெற்ற அதே ஆண்டுகளில், அவர்களை நகருக்கு அழைத்த தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இறைச்சித் தொழிலின் மையமான யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் 1971-இல் மூடப்பட்டது, தென்புற எஃகு ஆலைகளில் விஸ்கான்சின் ஸ்டீல் 1980-இல் ஒரே நாளில் கதவடைத்தது, யு.எஸ். ஸ்டீலின் சவுத் வொர்க்ஸ் 1992-இல் முற்றாக நின்றது. 1967-க்கும் 1987-க்கும் இடையில் சிகாகோ நகரம் தன் உற்பத்தித் துறை வேலைகளில் 60 விழுக்காட்டை, அதாவது சுமார் 3.26 லட்சம் வேலைகளை இழந்தது. செக் தொழிலாளியின் மகன் ஆலை வேலையால் நடுத்தர வாழ்வுக்கு ஏறிய படிக்கட்டு, மெக்ஸிகோ தொழிலாளியின் மகன் கால் வைக்கும் நேரத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் இரண்டு சமூகங்களின் முன்னேற்றத்தை ஒப்பிடுவது நேர்மையான வரலாறாகாது. ஆலை போன இடத்தில் கிடைத்தவை உணவக அடுக்களை, விடுதித் துப்புரவு, பொட்டலம் கட்டும் கூடம், அன்றாடக் கூலிக்கு ஆளெடுக்கும் முகவர் நிலையம் ஆகியவையே. அவற்றில் தொழிற்சங்கமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

இங்கு ‘இடைநிலை வருமானம்’ என்ற சொல்லை விளக்க வேண்டும். ஒரு பகுதியின் எல்லா வீடுகளையும் ஆண்டு வருமானப்படி வரிசையாக நிறுத்தினால், நட்டநடுவே நிற்கும் வீட்டின் வருமானமே இடைநிலை வருமானம். ஓரிரு பெருஞ்செல்வர்கள் இருந்தாலே மேலேறிவிடும் சராசரியைப் போலன்றி, இது பெரும்பான்மையோரின் நிலையை ஓரளவு நேர்மையாகக் காட்டும் என்பதால் கணக்கெடுப்புத் துறை இதையே பயன்படுத்துகிறது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிகாகோ நகரின் இடைநிலை வீட்டு வருமானம் 38,625 டாலர். லோயர் வெஸ்ட் சைடின் எண் முப்பதாயிரத்தையே எட்டவில்லை. அந்தக் குறைந்த தொகையும் பெரும்பாலும் ஒருவர் ஈட்டியதன்று. தந்தை, தாய், மூத்த மகன், உடன் தங்கியிருக்கும் மாமன் என மூவர் நால்வர் சேர்ந்து ஈட்டி, ஐந்தாறு பேர் உண்ட தொகை அது. வீட்டு வருமானத்தை மட்டும் பார்ப்பவருக்கு வறுமை பாதியே தெரியும். தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால்தான் முழுதும் தெரியும்.

இத்தகைய வருமானத்தைக் கொண்டு அந்த மக்கள் கட்டியெழுப்பியவை வியப்புக்குரியவை. தங்கள் பிள்ளைகளுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று 1973-இல் தாய்மார்கள் நடத்திய மறியலின் பயனாக, 1977-இல் பெனிட்டோ ஹுவாரெஸ் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. 1982-இல் ஆசிரியர்கள் சிலர் தொடங்கிய முயற்சி 1987-இல் அருங்காட்சியகமாகக் கதவு திறந்து, இன்று மெக்ஸிகோ கலைக்கான தேசிய அருங்காட்சியகம் என்ற பெயரில், நுழைவுக் கட்டணமின்றி இயங்குகிறது. பழைய ஹாவல் ஹவுஸ் சேவை இல்லம் 1970-களில் ‘காஸா அஸ்த்லான்’ என்ற சமூக நிலையமாகி, ரே பாத்லான் முதலிய ஓவியர்கள் தீட்டிய சுவரோவியங்களால் பொலிந்தது. 1990-இல் ஆறு திருச்சபைகள் ஆளுக்கு 5,000 டாலர் போட்டு, மலிவு வீடுகள் கட்டுவதற்காக ‘ரிசரெக்‌ஷன் புராஜெக்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கின. ஆற்றங்கரையில் 1903-ஆம் ஆண்டு முதல் நிலக்கரி எரித்துவந்த ஃபிஸ்க் மின்நிலையம், பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்த குடியிருப்போர் போராட்டத்துக்குப் பின் 2012-இல் மூடப்பட்டது. பள்ளி வந்தது, கலை வந்தது, காற்றுத் தூய்மையானது. இவை ஒவ்வொன்றும் அந்த நிலத்தின் விலையை உயர்த்தின. ஆனால் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருந்தவர்கள் என்பதால், உயர்ந்த விலை அவர்கள் கைக்கு வராமல், அவர்கள் கொடுக்க வேண்டிய வாடகையாகத் திரும்பி வந்தது. பில்சனின் வரலாற்றில் இதைவிடப் பெரிய அநீதி வேறில்லை.

விலை உயர்வுக்குப் புறக்காரணங்களும் இருந்தன. 1994-இல் மாக்ஸ்வெல் தெருவின் பழைய திறந்தவெளிச் சந்தை இடம் மாற்றப்பட்டு, அந்த நிலத்தில் பல்கலைக்கழகத்தின் தென்வளாகமும் விலையுயர்ந்த வீடுகளும் எழுந்ததால், பில்சனின் வடகிழக்கு வாசலில் புதிய பணம் வந்து நின்றது. 1998-இல் மாநகர நிர்வாகம் பில்சனில் ஒரு ‘வரி உயர்வு ஒதுக்கீட்டு மண்டலத்தை’ அறிவித்தது. இத்தகைய மண்டலத்தில், அறிவிப்பு நாளில் இருந்த சொத்து மதிப்பின் மீதான வரி மட்டுமே பள்ளி, பூங்கா முதலிய பொது அமைப்புகளுக்குச் செல்லும். அதன்பின் மதிப்பு உயர்வதால் கிடைக்கும் வரி முழுவதும் 23 ஆண்டுகளுக்குத் தனி நிதியாகச் சேர்ந்து, அந்த மண்டலத்தின் வளர்ச்சிப் பணிகளுக்கே செலவிடப்படும். தொழிற்கூடங்களைக் காப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டாலும், நிலமதிப்பு உயர்ந்தால்தான் நிதி சேரும் என்ற அமைப்பே குடியிருப்போரை அச்சுறுத்தியது. அவர்களின் அச்சம் வீணானதன்று.

2000-இல் 44,031 ஆக இருந்த மக்கள்தொகை 2010-இல் 35,769 ஆகவும், 2020-இல் 33,751 ஆகவும் குறைந்தது. ஹிஸ்பானிக் மக்களை மட்டும் கணக்கிட்டால் முதல் பத்தாண்டில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் குறைந்தனர்; மொத்த இழப்பை விட அவர்களின் இழப்பு அதிகம் என்பதே, அவர்கள் வெளியேறிய இடத்தில் பிறர் வந்ததைக் காட்டுகிறது. மக்களில் அவர்களின் பங்கு 2010-இல் 82 விழுக்காடாகவும், 2020-இல் சுமார் 70 விழுக்காடாகவும் இறங்கியது. 2020 கணக்கெடுப்பை ஒட்டி அத்துறையே நடத்திய சரிபார்ப்பில், நாடு முழுவதும் ஹிஸ்பானிக் மக்களில் ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டினர் எண்ணப்படாமல் விடுபட்டதாகத் தெரியவந்ததால், பில்சனின் உண்மையான எண்ணிக்கை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் சரிவின் திசையை அது மாற்றாது. நகர அளவில் நிலைமை இதற்கு நேர்மாறானது: அதே 2020-இல் சிகாகோவின் ஹிஸ்பானிக் மக்கள் 8.19 லட்சமாகி, 29.8 விழுக்காட்டுடன், கறுப்பின மக்களை முந்தி நகரின் இரண்டாவது பெரிய சமூகமாயினர். நகரில் பெருகிக்கொண்டிருந்த ஒரு சமூகம், தன் அடையாளமாக விளங்கிய குடியிருப்பில் மட்டும் தேய்ந்தது.

அதே ஆண்டுகளில் அப்பகுதியின் இடைநிலை வருமானம் விலைவாசி உயர்வையும் மிஞ்சி ஏறியது. பட்டம் பெற்றோர் பங்கும் கூடியது. இந்த உயர்வை வளர்ச்சி என்று எழுதியவர்கள் உண்டு. அது எத்தகைய உயர்வு என்பதை ஒரு கற்பனைத் தெருவைக் கொண்டு விளக்கலாம். ஏழு வீடுகள்; ஆண்டு வருமானம் முறையே 18, 22, 25, 28, 31, 36, 40 ஆயிரம் டாலர். நடுவில் நிற்பது 28 ஆயிரம். முதல் மூன்று குடும்பங்களும் ஒரே மூன்றடுக்குக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கின்றன என்று கொள்வோம். அக்கட்டடத்தை 120 ஆயிரம் ஈட்டும் ஒருவர் வாங்கி, உள்சுவர்களை நீக்கி, ஒரே வீடாக்கிக் குடியேறுகிறார். இப்போது மிஞ்சியவை ஐந்து வீடுகள்: 28, 31, 36, 40, 120. நடுவில் நிற்பது 36 ஆயிரம். தெருவின் இடைநிலை வருமானம் கால் பங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டது. ஆனால் தெருவில் எவருடைய கூலியும் ஒரு டாலர்கூடக் கூடவில்லை. வீடுகள் குறைந்தன, தலைகள் குறைந்தன, கட்டடம் மட்டும் அப்படியே நிற்கிறது. பில்சனில் உண்மையான கூலி உயர்வும் ஓரளவு இருந்தது என்பது மறுக்க முடியாதது. எனினும், வருமானம் ஏறும்போதே மக்கள்தொகை இறங்கி, வீட்டுக்கு எத்தனை பேர் என்ற எண்ணும் சுருங்கிய ஒரு பகுதியில், ஏற்றத்தின் பெரும்பங்கு ஆள்மாற்றத்தால் வந்தது என்றே கொள்ள வேண்டும். பல அடுக்குக் கட்டடங்கள் தனிவீடுகளாக்கப்படும் இந்த மாற்றமே, வீடுகள் இடியாமலும் பூட்டப்படாமலும் மக்கள் மட்டும் குறைந்ததன் விளக்கங்களுள் ஒன்று.

வெளியேறியோர் எல்லாரும் வாடகையால் விரட்டப்பட்டவர்கள் அல்லர். ஓய்வுபெற்றவர்கள் நல்ல விலைக்கு வீட்டை விற்று நிறைவோடு சென்றதும் உண்டு; பள்ளிக்கும் தோட்டத்துக்கும் ஆசைப்பட்டு இளைய தலைமுறை புறநகருக்குப் போனதும் உண்டு. 2008-ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் வீட்டுக் கடனில் மூழ்கிப்போனவர்களும் உண்டு. மெக்ஸிகோவிலிருந்து வருவோருக்கும் திரும்பிச் செல்வோருக்கும் இடையிலான வேறுபாடு 2005-க்கும் 2010-க்கும் இடையில் ஏறத்தாழ இல்லாமல் போனதால், ஒரு குடும்பம் காலி செய்த அடுக்குக்கு ஊரிலிருந்து இன்னொரு குடும்பம் வரும் பழைய சுழற்சியும் நின்றது. பில்சனை விட்டு வெளியேறியோர் சென்ற வழி புதியதன்று. செக் மக்கள் பில்சனிலிருந்து லான்டேல், அங்கிருந்து சிசரோ, பிறகு பெர்வின் என்று நகர்ந்த அதே சாலைகளில்தான் மெக்ஸிகோ மக்களும் நகர்ந்தனர்; ஒரு காலத்தில் செக் மொழி ஒலித்த சிசரோவில் இன்று பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஹிஸ்பானிக் மக்கள். ஆனால் செக் மக்கள் விட்டுச் சென்ற பில்சன் அவர்களை விட ஏழைகளிடம் சென்றது. மெக்ஸிகோ மக்கள் விட்டுச் செல்லும் பில்சனோ அவர்களை விடச் செல்வர்களிடம் செல்கிறது. முன்னது படியேற்றம், பின்னதில் ஒரு பகுதியேனும் இடம்பெயர்ப்பு.

இடம்பெயர்ப்பின் கண்கூடான சான்று 2017-இல் கிடைத்தது. 2013-இல் மூடப்பட்ட காஸா அஸ்த்லான் கட்டடத்தை வாங்கி அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றியவர்கள், அதன் முகப்பிலிருந்த சுவரோவியத்தின் மீது சாம்பல் நிறப் பூச்சை அடித்தனர். ஊரே கொதித்தெழுந்தது, சில மாதங்களில் அதே ரே பாத்லான் அழைத்து வரப்பட்டு, அதே சுவரில் புதிய ஓவியம் தீட்டினார். ஓவியம் திரும்பியது, ஒரு காலத்தில் ஆங்கில வகுப்பும் மருத்துவ உதவியும் தந்த நிலையம் திரும்பவில்லை.

சொந்த வீடு உள்ளவர்களும் பாதுகாப்பாக இல்லை. பில்சன் அடங்கிய குக் கவுண்டியில் சொத்துகளின் மதிப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்யப்படுகிறது. அரசு அமைப்புகள் திரட்ட வேண்டிய மொத்த வரித் தொகை முதலில் முடிவாகி, பின்னரே சொத்து மதிப்பின் விகிதப்படி அது பங்கிடப்படுவதால், ஒரு குடியிருப்பின் மதிப்பு மற்றவற்றைவிட வேகமாக ஏறினால் அதன் பங்கும் ஏறும். வணிகக் கட்டட உரிமையாளர்கள் முறையீடு செய்து தங்கள் மதிப்பைக் குறைத்துக்கொண்டால், அந்தச் சுமையும் சிறு வீட்டுக்காரர்கள் தலையிலேயே விழும். 2021-ஆம் ஆண்டு மறுமதிப்பீட்டுக்குரிய வரிச்சீட்டுகள், மிகவும் தாமதமாக, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் வந்தன. கவுண்டிப் பொருளாளர் அலுவலகத்தின் ஆய்வின்படி, லோயர் வெஸ்ட் சைடில் வீட்டு வரியின் இடைநிலைத் தொகை ஒரே ஆண்டில் 46 விழுக்காடு உயர்ந்திருந்தது. கீழ்த்தளத்து வாடகையைப் பல ஆண்டுகளாக உயர்த்தாமல் வைத்திருந்த முதிய உரிமையாளருக்கு அந்தச் சீட்டு இரண்டே வழிகளை விட்டது: வாடகையை உயர்த்துவது, அல்லது விற்றுவிட்டுப் போவது. இரண்டில் எதைச் செய்தாலும், முன்னர் விவரித்த அந்தப் பதிவில்லாத மலிவு வீட்டு ஏற்பாடு முறிந்துபோகும்.

அரசின் நடவடிக்கைகள் காலந்தாழ்ந்தே வந்தன. பில்சனின் பதினெட்டாம் தெருவை வரலாற்றுச் சின்னப் பகுதியாக அறிவித்துக் கட்டடங்களையும் சுவரோவியங்களையும் காக்கும் திட்டத்தை மாநகர நிர்வாகம் முன்வைத்தபோது, பழுதுபார்க்கும் செலவு எகிறும் என்று வீட்டு உரிமையாளர்களே எதிர்த்ததால், 2020 டிசம்பரில் மாமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கல்லைக் காப்பதும் குடியைக் காப்பதும் ஒன்றல்ல என்று அவர்கள் கருதியது சரியே. 2021-இல், பில்சனிலும் நகரின் வடமேற்கிலுள்ள இன்னொரு வட்டாரத்திலும், பல குடும்பக் கட்டடங்களைத் தனிவீடாக மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் விதி வந்தது. பழைய வீட்டை இடிப்பவர் 15,000 டாலர் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதியும் வந்தது. மேலே சொன்ன ஏழு வீட்டுத் தெருவின் கணக்கை நேரடியாகத் தொடும் சட்டங்கள் இவைதாம். இருபது ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் இவற்றின் பயன் பன்மடங்காகியிருக்கும். பதினெட்டாம் தெருவும் பியோரியா தெருவும் சந்திக்கும் இடத்தில், நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்த சுமார் ஆறு ஏக்கர் நிலத்தை நகரமே வாங்கி, மலிவு வாடகை வீடுகளுக்காக ஒதுக்கியிருப்பது இவை எல்லாவற்றிலும் உறுதியான செயல். நிலம் பொதுவுடைமையாக இருக்கும் வரை அதன் விலையேற்றம் குடியிருப்போரைத் துரத்தாது.

வெளியேறிய குடும்பங்களில் கணிசமானவை முதலில் தங்கிய இடம், இருபத்தாறாம் தெருவை நடுவாகக் கொண்ட லிட்டில் வில்லேஜ். அங்கு வெளியார் வரவு பில்சன் அளவுக்கு இன்னும் நிகழவில்லை, வணிகம் செழித்திருக்கிறது. எனினும் அது அடங்கிய சவுத் லான்டேல் பகுதியின் மக்கள்தொகை 2000-இல் 91,071 ஆக இருந்து, 2020-இல் 71,399 ஆகச் சரிந்திருக்கிறது. பில்சனுக்குச் சொன்ன காரணங்கள் மட்டும் அந்தச் சரிவை விளக்கப் போதா. அதற்குரிய காரணங்களை அடுத்த பகுதி ஆராயும்.